கேனனா, நிக்கானா? நம்ம ஆலயத்துக்குக் கேமரா வாங்கின கதை



போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு பிரசாதம் குடுத்துக்கிட்டு இருந்தோம். பக்கத்து ஊர் ஆலயத்துலேருந்து வந்திருந்த ஒரு தம்பி, பொங்கலைக் கையில வாங்கிக்கிட்டே கேட்டாரு: "அண்ணே, எங்க கோயிலுக்கும் ஒரு டி.எஸ்.எல்.ஆர் கேமரா வாங்கலாம்னு இருக்கோம். முதல் கேமரா. கேனன் வாங்கவா, நிக்கான் வாங்கவா? என்ன லென்ஸ் எடுக்கறது?" பின்னால வரிசை நின்னுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு வார்த்தையில சொல்ற விஷயமும் இல்ல. "எழுதிப் போடறோம் தம்பி"ன்னு சொல்லி அனுப்பிட்டோம். அந்தப் பதில்தான் இது. கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படிங்க.

நாங்கன்னா மூணு பேர். தொழிற்சாலையில சூப்பர்வைசர் வேலை பார்க்கிற, ஐம்பது தாண்டின ஒருத்தர் (இதை எழுதறவர்தான்), கல்லூரியில படிச்சுக்கிட்டு இருந்த ஒரு தம்பி, பாலர் பள்ளியில வேலை செய்ற ஒரு தங்கச்சி. மூணு பேருக்கும் போட்டோ தொழில் கிடையாது. தெரியாமப் போய் அடிபட்டுக் கத்துக்கிட்டதைத்தான் சொல்லப் போறோம்.

கேமரா பத்திச் சொல்றதுக்கு முன்னால ஒரு விஷயம். இதை இதுவரைக்கும் நாங்க வெளியில சொன்னதில்ல.

2018 ஆண்டுத் திருவிழா. பழைய பக்தர்களுக்கு நம்ம காவடித் தாத்தாவை நல்லா ஞாபகம் இருக்கும். தோட்டத்துல பால்மரம் வெட்டினவர். ஆலயம் தோட்டத்துக்குள்ள தகரக் கூரையோட இருந்த காலத்துலேருந்து வருஷா வருஷம் காவடி எடுத்தவர். அந்த வருஷம் அவருக்கு உடம்பு முடியல. வீட்டுல வேண்டாம்னு சொன்னாங்க. "இதுதான் கடைசி, ஆத்தாகிட்ட சொல்லிட்டு இறக்கி வச்சிடறேன்"னு சொல்லி எடுத்தாரு. விடியற்காலை 5.30 மணி இருக்கும், காவடி ஆலய வாசலுக்கு வந்துச்சு. உறுமி உச்சத்துல அடிக்குது. தாத்தா ரெண்டு சுத்து சுத்தி, மண்டபத்துப் படியில கால் வச்சாரு. நாங்க மூணு பேரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடிச்சு எடுத்தோம். இருபது முப்பது படமாவது எடுத்திருப்போம்.

வீட்டுக்கு வந்து பார்த்தா ஒண்ணுகூட வரல. காவடி விளக்கு வெள்ளையா நீளக் கோடு கோடா இழுத்துக்கிட்டு இருக்கு. மயிலிறகு பச்சையா ஒரு புகை. தாத்தா முகம் இருக்க வேண்டிய இடத்துல மஞ்சளா ஒரு திட்டு. அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தாத்தா எங்களைத் தேடிக்கிட்டு வந்தாரு. "படம் வந்துச்சா?"ன்னு கேட்டாரு. அந்த முகத்தைப் பார்த்து வரலைன்னு சொல்ல வாய் வரல. "வந்துச்சு தாத்தா, கழுவித் தர்றோம்"னு சொல்லிட்டோம். அப்புறம் ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் ஏதோ சாக்கு சொன்னோம். நவம்பர் மாசம் தாத்தா தவறிட்டாரு. சாவு வீட்டுல மாலை போட்டு வைக்கிறதுக்கு அவர் மகள் எங்ககிட்டதான் கேட்டாங்க, "அப்பா காவடி எடுத்த படம் உங்ககிட்ட இருக்காமே." எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அடையாளக் கார்டு படத்தைத்தான் பெருசாக்கி வச்சாங்க. நாங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னோம்.

கேமரா வாங்கணும்னு நாங்க நிர்வாகக் கூட்டத்துல எழுந்து பேசினது இதனாலதான். ஃபேஸ்புக்கில அழகாப் படம் போடறதுக்காக இல்ல. இப்போ இதை எழுதறதும் தாத்தா மகள்கிட்ட நடந்ததைச் சொல்லி, அவங்க சரின்னு சொன்ன பிறகுதான்.

டிசம்பர் மாசக் கூட்டத்துல எல்லாரும் உடனே தலையாட்டிடல. மாதர் பகுதியில ஒரு அம்மா எழுந்து, "ரெண்டாயிரம் மூவாயிரம் வெள்ளின்னா எத்தனை வார அன்னதானத்துக்கு அரிசி வாங்கலாம்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. உண்டியல் காசு யாரோ வேலைக்குப் போய்ச் சம்பாதிச்சு, கற்பூரத் தட்டுல வச்ச காசு. கடைசியா பொருளாளர் மூணு நிபந்தனை போட்டாரு. 2,500 வெள்ளிக்கு மேல ஒரு காசு போகக் கூடாது. ரசீது எல்லாம் அறிவிப்புப் பலகையில ஒட்டணும். கேமரா எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகக் கூடாது. மூணுக்கும் சரின்னோம்.

கூட்டம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே எங்க தம்பி யூடியூப்பைத் திறந்து உட்கார்ந்துட்டாரு. ஒருத்தர் கேனன்தான் தோல் நிறம் நல்லா வரும்ங்கறாரு. இன்னொருத்தர் நிக்கான்தான் இருட்டுல நல்லதுங்கறாரு. ஒரு வாரம் பார்த்தோம். குழப்பம் கூடினதுதான் மிச்சம்.

அப்புறம் தொழிற்சாலையில செய்யற மாதிரி செய்யலாம்னு முடிவு பண்ணோம். வேலையிடத்துல புது மெஷின் வாங்கணும்னா யாரும் முதல்ல எந்த பிராண்ட்னு கேக்க மாட்டாங்க. என்ன பொருள் ஓடப் போகுது, ஒரு நாளைக்கு எத்தனை, என்ன அளவு, எங்க வைக்கப் போறோம், யார் ஓட்டப் போறாங்க? இதை முதல்ல எழுதுவோம். அதுக்கப்புறம்தான் கொட்டேஷன். அதே மாதிரி ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்துல எழுதினோம்:

எங்க எடுக்கப் போறோம்? முக்கால்வாசி மண்டபத்துக்குள்ள. ராத்திரி, இல்லைன்னா விடியற்காலை.

வெளிச்சம் எப்படி? குறைவு. எண்ணெய் விளக்கு, குழல் விளக்கு, கலர் விளக்கு எல்லாம் கலந்து இருக்கும்.

எடுக்கறது அசையுமா? காவடி ஆடும், கரகம் ஆடும். தீபாராதனையில ஐயர் கை அசையும்.

எவ்வளவு தூரம்? மண்டபத்துல 3 மீட்டர், 4 மீட்டர். ரத ஊர்வலத்துல 15, 20 மீட்டர்.

ஃபிளாஷ் போடலாமா? கூடாது. அபிஷேக நேரத்துல பளிச்சுன்னு அடிச்சா கும்பிடறவங்களுக்கு மனசு கலையும். திருநீறு பூசின நெத்தியும் வேர்வையும் வெள்ளையா அடிச்சுக்கிட்டும் வரும்.

இந்த அஞ்சு வரியை எழுதி முடிச்சப்போ பாதிக் கேள்விக்குப் பதில் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. நமக்கு வேண்டியது இருட்டுல, ஃபிளாஷ் இல்லாம, ஆடற மனுஷனைப் பிடிக்கிற கேமரா. அந்த வேலையில பாதிக்கு மேல செய்யறது கேமரா உடம்பு இல்ல, லென்ஸ். அது எங்களுக்கு அப்போதான் புரிஞ்சுச்சு.

ஏன்னு சொல்றோம். லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற ஒரு துவாரம் இருக்கு. அப்பர்ச்சர்னு சொல்வாங்க. பால்குடத்து வாயை நினைச்சுக்கங்க. வாய் அகலமா இருந்தா ஒரே நொடியில குடம் கவிழ்ந்து அபிஷேகம் ஆயிடும். செம்பு வாய் மாதிரி சின்னதா இருந்தா அதே அளவு பால் இறங்க நேரம் ஆகும். கேமராவுக்கும் அதே கதைதான். ஒரு படத்துக்கு இவ்வளவு வெளிச்சம் வேணும்னு இருக்கு. துவாரம் சின்னதுன்னா ஷட்டர் ரொம்ப நேரம் திறந்து நிக்கணும். அந்த நேரத்துக்குள்ள காவடி அசைஞ்சிடும். தாத்தா முகம் கலைஞ்சு போனது இப்படித்தான்.

இதுல எல்லாரும் தடுமாறற இடம் ஒண்ணு இருக்கு. எண் சின்னதா இருந்தா துவாரம் பெருசு. f/1.8 பெரிய வாய், f/5.6 சின்ன வாய். கேமராவோட சேர்த்துக் குடுக்கற 18-55 லென்ஸ் இருக்கே, அதை நீட்டி 55ல வச்சா பெரும்பாலும் f/5.6தான் வரும். அதோட ஒப்பிட்டா f/1.8 லென்ஸ் உள்ள விடற வெளிச்சம் ஏறக்குறைய 9 மடங்கு, 10 மடங்கு. கணக்கு போட்டுப் பார்த்தப்போ நாங்களே நம்பல.

நம்ம மண்டபத்துலயே சோதிச்சுப் பார்த்தோம். ஒரு நண்பர்கிட்ட கேமரா இரவல் வாங்கி, அர்த்தஜாம பூசைக்கு இருக்கிற அதே விளக்கை மட்டும் வச்சுக்கிட்டு, தங்கச்சியைக் கொடிமரத்துக்குப் பக்கத்துல நிறுத்தி எடுத்தோம். ஐ.எஸ்.ஓ 1600. 18-55 லென்ஸ்ல ஷட்டர் நொடியில 15ல் ஒரு பங்கு. தங்கச்சி சும்மா தலையைத் திருப்பினாலே முகம் கலங்கிப் போச்சு. 50 எம்.எம் f/1.8 லென்ஸை மாட்டினோம். அதே இடம், அதே விளக்கு. 125ல் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓவை 3200க்கு ஏத்தினா 250ல் ஒரு பங்கு. கொஞ்சம் பொரிப் பொரியா இருந்துச்சு, ஆனா கண்ணு தெளிவா விழுந்துச்சு. ஆட்டம் ஆடறவரைப் பிடிக்க 250 இருந்தா பெரும்பாலும் போதும்.

கடைக்காரங்க இன்னொண்ணு சொல்வாங்க: "இதுல ஐ.எஸ் இருக்கு, வி.ஆர் இருக்கு, கை நடுங்கினாலும் படம் ஆடாது." உண்மைதான். ஆனா அது நம்ம கை நடுக்கத்தைத்தான் தாங்கும். எதிர்ல ஆடற காவடியை அது நிறுத்தி வைக்காது. இந்த வித்தியாசம் தெரியாமதான் பல பேர் ஏமாறறாங்க.

சரி, பிராண்டுக்கு வருவோம். தம்பி கேட்டது அதானே.

பெர்ரி ஏறி தீவுப் பக்கம் போய் மூணு கடையில விசாரிச்சோம். ஒரு கடையில கேமரா, ரெண்டு லென்ஸ், பை, டிரைபோட், ஃபில்டர், துடைக்கிற துணி எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்னு சொன்னாங்க. பார்க்கறதுக்கு நிறைய இருந்துச்சு. ரெண்டு லென்ஸுமே சின்ன வாய் லென்ஸ். காசு பூரா நம்ம வேலைக்கு உதவாத இடத்துல போயிருக்கும். இன்னொரு கடையில விலை நல்லா குறைவு, கேட்டா இம்போர்ட் செட். இங்க உள்ள நிறுவனத்தோட வாரண்டி கிடையாது. மூணாவது கடை தவுக்கே வயசானவர். நாங்க எழுதி வச்ச அஞ்சு வரியை வாங்கிப் படிச்சாரு. சிரிச்சுக்கிட்டே, "கேனனும் சரி, நிக்கானும் சரி. உன் கூட்டாளிங்க எது வச்சிருக்காங்க? அதை வாங்கு"ன்னு மலாய்ல சொன்னாரு.

முதல்ல தட்டிக் கழிக்கிறாருன்னு நினைச்சோம். வீட்டுக்கு வந்து யோசிச்சப்போதான் அதுல உள்ள விஷயம் புரிஞ்சுச்சு. ஒரு பிராண்ட் வாங்கறோம்னா அந்த லென்ஸ் மாட்டற வாயை வாங்கறோம்னு அர்த்தம். கேனன் லென்ஸ் நிக்கான்ல நேரா மாட்டாது, நிக்கான் லென்ஸ் கேனன்ல மாட்டாது. கேமரா உடம்பு சில வருஷத்துல பழசாயிடும். லென்ஸ் பத்து இருபது வருஷம் கூட வரும். அதனால நமக்குத் தெரிஞ்சவங்க யார்கிட்ட என்ன லென்ஸ் இருக்கு, இரவல் கிடைக்குமா, சந்தேகம் வந்தா யாரைக் கேக்கலாம்னு பார்க்கறது புத்திசாலித்தனம்.

விசாரிச்சதுல, நம்ம ஆலயத்துக்கு வர்ற பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஐயா ஒருத்தர் ஃபிலிம் காலத்துல கேனன் வச்சிருந்தாரு. அவர்கிட்ட 85 எம்.எம் f/1.8 லென்ஸ் அலமாரியில தூங்கிக்கிட்டு இருந்துச்சு. கேனன்காரங்க அந்த இ.எஃப் வாயை 1987ல கொண்டு வந்தாங்க. ஃபிலிம் கேமராவுக்கு வாங்கின அந்த லென்ஸ் அப்படியே இன்னைக்கு டி.எஸ்.எல்.ஆர்ல மாட்டுது, ஃபோகஸும் தானா பண்ணுது. ஏன்னா ஃபோகஸ் பண்ற மோட்டார் லென்ஸுக்குள்ளயே இருக்கு. ஐயா, "அம்மன் வேலைக்குத்தானே, எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னு குடுத்துட்டாரு. நாங்க கேனன் வாங்கினதுக்குக் காரணம் அவ்வளவுதான்.

நிக்கான் மட்டம்னு யாரும் எடுத்துக்காதீங்க. நிக்கானோட எஃப் வாய் 1959லேருந்து வருது, பழைய லென்ஸ் ஏராளமா கிடைக்கும். உங்க கோயில்ல ஒரு மாமா பழைய நிக்கான் லென்ஸ் வச்சிருந்தா நிக்கானே வாங்குங்க. ஒண்ணே ஒண்ணு கவனிங்க. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராவுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை அதுல மாட்டினா கையாலதான் ஃபோகஸ் பண்ணணும். டி7000 வரிசைன்னா உள்ளயே மோட்டார் இருக்கு. புதுசா லென்ஸ் வாங்கறதா இருந்தா ஏ.எஃப்-எஸ் 35 எம்.எம் f/1.8 டி.எக்ஸ் நல்ல லென்ஸ், மண்டபத்துக்குள்ள தோதா இருக்கும். பென்டாக்ஸும் நல்ல கேமராதான். ஆனா எங்க வட்டாரத்துல வச்சிருக்கிறவங்க யாரும் இல்ல. கெட்டுப்போனா யாரைக் கேக்கறதுன்னு விட்டுட்டோம்.

கடைசியா நாங்க வாங்கினது இதுதான். ரசீதைப் பலகையில ஒட்டினோம், இப்பவும் கோப்புல இருக்கு. இரண்டாம் கை கேனன் 700டி, கூட 18-55 லென்ஸ், 1,150 வெள்ளி. 50 எம்.எம் f/1.8 எஸ்.டி.எம், 420 வெள்ளி. ஊர்வலத்துக்கு 55-250 எஸ்.டி.எம், அதுவும் இரண்டாம் கை, 450 வெள்ளி. கூடுதல் பேட்டரி, ரெண்டு மெமரி கார்டு, காத்துப் புகாத டப்பா எல்லாம் சேர்த்து 180 வெள்ளி. மொத்தம் 2,200. மிச்சம் 300 வெள்ளியைப் பொருளாளர் கையில குடுத்தோம். அதை அன்னதானக் கணக்குல சேர்த்துட்டாரு. கேள்வி கேட்ட அம்மாவுக்கும் சந்தோஷம்.

இரண்டாம் கை வாங்கறவங்க இதெல்லாம் பாருங்க. ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளுங்க. 700டி மாதிரிக் கேமராவுக்கு ஒரு லட்சம்னு கணக்கு சொல்வாங்க. பாதிக்கும் கீழ இருந்தா நல்லது. லென்ஸை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு உள்ள சிலந்தி வலை மாதிரி ஏதாவது ஓடுதான்னு பாருங்க. அது பூஞ்சணம், வாங்காதீங்க. வெள்ளைச் சுவரை f/16ல வச்சு ஒரு படம் எடுங்க. கறுப்புப் புள்ளி விழுந்தா உள்ள தூசி இருக்கு. அதைச் சுத்தம் பண்ணிடலாம், ஆனா விலையில குறைச்சுக் கேளுங்க.

இனி எங்க தப்புங்க. மறைக்க ஒண்ணும் இல்ல.

முதல் தப்பு. f/1.8 லென்ஸ் வந்த குஷியில எல்லாத்தையும் f/1.8லயே எடுத்தோம். கிட்டக்க நின்னு எடுக்கும்போது தெளிவா இருக்கிற ஆழம் ரொம்பக் கம்மியாயிடும். ஒரு பால்குட அம்மாவோட காதுத் தோடு கல் எண்ணற அளவுக்குத் தெளிவு, கண்ணு மங்கல். இப்போ வெளிச்சம் கொஞ்சம் இருந்தாலே f/2.8க்கு மாத்திக்கிறோம். ஃபோகஸ் புள்ளியை நடுவுல ஒண்ணு மட்டும் வச்சு, கிட்டக்க இருக்கிற கண்ணுல வைக்கிறோம்.

ரெண்டாவது. யாகசாலைக்குப் பக்கத்துல நின்னு லென்ஸ் மாத்தினோம். ஹோமப் புகையும் சாம்பலும் உள்ள போய், ஒரு மாசம் எல்லாப் படத்துலயும் வானத்துல கறுப்புப் புள்ளி. இப்போ விழா நேரத்துல லென்ஸ் மாத்தறதே இல்ல. மண்டபம்னா 50, ஊர்வலம்னா 55-250. மாத்தித்தான் ஆகணும்னா அலுவலக அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு மாத்துவோம்.

மூணாவதுதான் பெரிய தப்பு. ஆசிரியர் ஐயாவோட 85 லென்ஸைத் திருவிழா முடிஞ்சதும் நம்ம ஸ்டோர் அலமாரியில, பட்டுத்துணி மூட்டைக்குப் பக்கத்துல வச்சிட்டோம். நம்ம ஊர் ஈரம் தெரியும்தானே. மூணு மாசம் கழிச்சு எடுத்தா உள்ள பூஞ்சணம் படர்ந்திருச்சு. இந்தத் தடவை பொய் சொல்லல. மூணு பேரும் நேரா ஐயா வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் லென்ஸையே பார்த்தாரு. அவங்க வீட்டம்மா உயிரோட இருந்தப்போ அவங்களை எடுக்கறதுக்குன்னு வாங்கினதுன்னு அப்போதான் சொன்னாரு. எங்க கைக்காசு போட்டுக் கழட்டிச் சுத்தம் பண்ணிக் குடுத்தோம். முழுசாப் போகல, ஓரத்துல கொஞ்சம் தடம் இருக்கு. படத்துல தெரியாது, ஆனா எங்களுக்குத் தெரியும். காத்துப் புகாத டப்பா, அதுக்குள்ள சிலிக்கா ஜெல், ஈரம் காட்டற சின்ன மீட்டர், முள்ளு 40க்கும் 50க்கும் நடுவுல நிக்கணும். இதெல்லாம் லென்ஸ் வாங்கற அன்னைக்கே வாங்கிடுங்க. டப்பா இருந்தும் 85ஐ வெளியில வச்சது எங்க சோம்பேறித்தனம்தான்.

2019 திருவிழாவுக்கு வருவோம்.

தாத்தா விட்ட இடத்துல அவர் பேரன் காவடி எடுத்தாரு. முதல் காவடி. அதே விடியற்காலை, அதே படி, அதே உறுமி. தங்கச்சிதான் கேமரா பிடிச்சாங்க. 50 எம்.எம் லென்ஸ், f/2, ஐ.எஸ்.ஓ 3200, 250ல் ஒரு பங்கு. ஒரு வாரம் முன்னாலயே அதே நேரத்துக்கு வந்து, தம்பியைக் காவடி மாதிரி சுத்த விட்டுப் பழகி வச்சிருந்தாங்க. பேரன் படியில கால் வச்ச நேரத்துல நாலு படம் எடுத்தாங்க. மூணு தெளிவா இருந்துச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமையே பெருசாக் கழுவி, சட்டம் போட்டு தாத்தா வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனோம். அன்னைக்குத்தான் 2018 படம் பத்தின உண்மையையும் சொன்னோம். தாத்தா மகள் கோபப்படல. படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மகனைக் கூப்பிட்டு, "இங்க பாருடா, தாத்தா மாதிரியே கீழ் உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கே"ன்னாங்க. பேரனுக்கே அது தெரியாது. காவடி எடுக்கிறவருக்குத் தன் முகம் எப்படித் தெரியும்? இப்போ அந்தப் படம் தாத்தாவோட அடையாளக் கார்டு படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு.

அடுத்த வருஷம், 2020 மார்ச் 18ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்துச்சு. ஆலயக் கதவைச் சாத்தினோம். திருவிழா இல்ல. அந்த நாள்ல 2019 படங்களை ஒவ்வொண்ணா வாட்ஸ்அப்ல போட்டோம். வீட்டுக்குள்ள இருந்த பெரியவங்க எத்தனை பேர் குரல் செய்தி அனுப்பினாங்க தெரியுமா? "இது என் சம்பந்தி", "இது அடுத்த லயத்து அக்கா"ன்னு ஒவ்வொரு முகமாச் சொன்னாங்க. யாரும் கோபுரத்தைக் கேக்கல, அலங்காரத்தைக் கேக்கல. முகத்தைத்தான் கேட்டாங்க. அந்தப் பட்டியலை எல்லாம் எழுதி வச்சிருக்கோம்.

கேமரா வாங்கின பிறகு எங்களுக்குள்ள சில கட்டுப்பாடும் வச்சுக்கிட்டோம். மூலவரை எடுக்கறதில்ல, திரை போட்ட நேரத்துல கேமராவைத் தூக்கறதே இல்ல. அலகு குத்தும்போது முகத்துக்கு நேரா போய் நிக்கறதில்ல. அருள் வந்து ஆடறவங்க படத்தை அவங்க சம்மதம் இல்லாமப் போடறதில்ல. தண்ணி ஊத்தி ஈரப் புடவையோட நிக்கற பெண் பிள்ளைங்களை எடுக்கறதே இல்ல, தெரியாம விழுந்தாலும் அழிச்சிடுவோம். தீபாராதனைக்கு முதல் ரெண்டு படம், அதோட கேமராவை இறக்கிட்டுக் கையெடுத்துக் கும்பிடணும். இந்தக் கடைசிக் கட்டுப்பாடு குருக்கள் ஐயா சொன்னது. "நீங்களும் பக்தர்தானே"ன்னாரு.

இப்போ காலம் மாறிடுச்சு. கேனனும் நிக்கானும் 2018லயே முழு அளவு சென்சார் வச்ச மிரர்லெஸ் கேமராவும் அதுக்குப் புது வாயும் கொண்டு வந்துட்டாங்க. "டி.எஸ்.எல்.ஆர் பழசுண்ணே"ன்னு இளைஞர் பகுதித் தம்பிங்க சொல்றாங்க. பழசுதான். ஆனா எல்லாரும் மாறறதால இரண்டாம் கை டி.எஸ்.எல்.ஆரும் லென்ஸும் விலை இறங்கியிருக்கு. கோயில் காசுல வாங்கறவங்களுக்கு இது நல்ல நேரம். பின்னால மிரர்லெஸ் போனாலும், அடாப்டர் வச்சு கேனன் இ.எஃப் லென்ஸைப் புதுக் கேனன்ல மாட்டலாம். நிக்கானுக்கும் அடாப்டர் இருக்கு, மோட்டார் உள்ள ஏ.எஃப்-எஸ் லென்ஸ் அதுல ஒழுங்கா வேலை செய்யும். மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்னா அங்கயும் கையாலதான். அதனால இன்னைக்கு நீங்க லென்ஸுல போடற காசு வீணாகாது.

ஆக, தம்பி, உங்க கேள்விக்குப் பதில். உங்க கோயில்ல யார்கிட்ட எந்த லென்ஸ் இருக்கோ அந்த பிராண்டை வாங்குங்க. ரெண்டும் இல்லைன்னா, மூணு கடைக்கும் போய்க் கையில பிடிச்சுப் பாருங்க, கையில ஒழுங்கா நிக்கிறதை எடுங்க. உடம்புக்குக் குறைவாச் செலவு பண்ணுங்க, f/1.8 லென்ஸ் ஒண்ணு கண்டிப்பா வாங்குங்க, டப்பாவை மறக்காதீங்க. திருவிழாவுக்கு ஒரு மாசம் முன்னாலயே வாங்கி, அதே விளக்குல பழகுங்க. உங்க கோயில்லயும் "இதுதான் கடைசி"ன்னு சொல்லிக் காவடி எடுக்கற ஒரு பெரியவர் இருப்பாரு. அவர் படியில கால் வைக்கிறதுக்குள்ள நீங்க தயாரா இருக்கணும்.

அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை, காலை பூசை முடிஞ்சதும் மண்டபத்துல கேமரா பழக்கறோம். காசு கிடையாது, உங்க கேமரா இல்லைன்னாலும் பரவாயில்ல, வாங்க. தோட்டத்துக் காலத்து ஆலயப் படம் யார் வீட்டுலயாவது டிரங்குப் பெட்டியில இருந்தா அதையும் கொண்டு வாங்க. அங்கேயே படம் பிடிச்சுட்டு உங்க கையிலயே திருப்பிக் குடுத்துடறோம். காவடித் தாத்தா இளமையா இருந்தப்போ எடுத்த படம் யார்கிட்டயாவது இருந்தா முதல்ல எங்ககிட்ட சொல்லுங்க. அவர் மகள் இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க.

ஓம் சக்தி.